பூக்குழி இறங்கிய கால்

கோமுவின் அம்மாவுக்கு,

பிள்ளை பிறக்கும்வரை நீ சென்னையில் மகளோடேயே இரு. நான் நலம்.

அம்மன் கோயில் கொடை விழாவில் பூக்குழி இறங்கினேன். தணல் சுடவே இல்லை. அருள் என்று ஊரே என் காலைத் தொட்டுக் கும்பிட்டது.

மறுவாரம் வீட்டுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவந்த நர்ஸம்மா, பாதத்துப் புண்ணைப் பார்த்துவிட்டார். என்னைக் கண்மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற ஒன்றைக் கையில் எடுத்தார்.

"தொடுதது தெரியுதா அண்ணாச்சி?"

"தெரியுது."

"நான் இன்னும் தொடவே இல்லியே."

பிறகு, "அருளில்ல, சர்க்கரைதான். கால் மரத்துப்போச்சு. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

இதே போலக் கால் புண்ணுக்கு, கூலி போகுமென்று தாமதித்து ஆஸ்பத்திரி போன நம் தெரு ஐயாத்துரை, ஊன்றுகட்டையோடு திரும்பியது நினைவிருக்கிறதா? பை கட்டிவிட்டேன். வாசற்படி இறங்கத்தான் நடுக்கமாக இருக்கிறது.

சென்னையில் எனக்குச் செருப்பு வாங்குவதாகச் சொன்னாயே. இப்போது வேண்டாம்; ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரன்