இரண்டு முறை அளந்த ஜல்லி

திருவொற்றியூர்,
18 நவம்பர் 1954

ரோஸ்மேரியின் அப்பாவுக்கு, சுகிர்தம் எழுதிக்கொண்டது. தூத்துக்குடியில் நீங்கள் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் முதலில் கேட்டது ரோட்டு பில்லைப் பற்றி. பாஸாகிவிட்டது. ஓவர்சியர் எத்திராஜ் நேற்று வந்து சொல்லிவிட்டுப் போனார். காப்பி கொடுத்தேன்.

அடுத்தது ரோஸ்மேரி. தலைப்பிரசவம், அதற்குள் வந்துவிடுவேன் என்றுதானே புறப்பட்டீர்கள். செவ்வாய்க்கிழமை காலையிலேயே வலி கண்டுவிட்டது. கொட்டுகிற மழை. வண்டிக்காரன் அப்பாவுவின் மாட்டுவண்டியில் ராயபுரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். தெருமுனையில், நீங்கள் போட்ட புது ரோட்டில், சக்கரம் அச்சுவரைக்கும் இறங்கிவிட்டது. அப்பாவு குனிந்து கையை விட்டுத் துழாவினான். "அம்மா, கல்லே இல்லம்மா, வெறும் மண்ணுதான் கீது. எந்தக் கசுமாலம் போட்டான்மா இந்த ரோட்ட?" என்று கேட்டான். நான் அவளுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மீன்பிடிக்கிற ஆட்கள் ஓடி வந்து வண்டியைத் தூக்கிவிட்டார்கள். டோல்கேட்டைத் தாண்டும்போதே மத்தியானமாகிவிட்டது. ஆண்பிள்ளை. உயிரில்லை. கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார்கள். போதும் என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளையை அடக்கம் பண்ணியாயிற்று. மருமகனுக்குத் தந்தி கொடுத்தாயிற்று. உங்களுக்கும் கொடுக்கத் தபாலாபீஸில் நின்றேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். அழுகை வரமாட்டேன் என்கிறது. ஊறப்போட்டிருந்த உளுந்தை ஆட்டி வைத்தேன். சாப்பிடத்தான் ஆளில்லை.

அளந்த ஜல்லிக் குவியலுக்கு ஓவர்சியர் சுண்ணாம்பு தெளித்து அடையாளம் வைப்பார், சுண்ணாம்பு பட்ட கல்லை உள்ளே புரட்டிப் போட்டால் புதுக் குவியல், அவரும் காணாததுபோல் மறுபடி அளந்துகொள்வார் என்று சோறு தின்றுகொண்டே சொல்லிச் சிரித்தீர்களே. அந்த மனுஷர்தான் நேற்று காப்பியை ஆற்றிக்கொண்டு, "ரோடு உள்வாங்கினதுக்கு மழைன்னு எழுதிட்டேம்மா, ஒரு பேஜாரும் இல்ல. ரிப்பேர் காண்ட்ராக்டும் நம்ம ஐயாவுக்குத்தான்" என்றார். வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ரோஸ்மேரி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். புகுந்த வீட்டிலிருந்து போன மாதம் வந்தவள், அது யார் போட்ட ரோடு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? படுத்தபடியே, "அப்பாவுக்கு எழுதும்மா. அப்பா வந்தா அந்தப் பாவியைச் சும்மா விடமாட்டாங்க" என்கிறாள். எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். அதற்குள் வந்துவிடுங்கள். நம் வீட்டுக்கு வேறு வழி கிடையாது. அந்த ரோட்டில் அவளை நான் ஒருத்தியாகக் கூட்டி வர முடியாது.

கர்த்தர் உங்களைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பாராக.

சுகிர்தம்