பெருவிறலார் அறையில் முத்திரையிட்ட பெட்டி

வானம் வேளையறிந்து பொழிக; நெடும்பாலி ஆறு இருகரையும் நிறைந்து நடக்க; வெண்கோட்டு நாட்டின் குன்றுகளும் கழனிகளும் அவற்றைக் காப்போர் தோள்களும் தளராதிருக்க.

மூன்று எல்லைப் போர்களில் முன்னணி நின்றவரும், பகைவர் முரசைப் பறித்து வந்தவரும், கல்லாற்றுக் கோட்டையின் காவலருமாகிய படைத்தலைவர் கடம்பன் பெருவிறலார் திருமுன்புக்கு, கோவரை மாநகரின் அரண்மனையிலிருந்து, அவர்தம் தங்கையாரும் இந்நாட்டின் அரசியாருமாகிய இளவெண்ணி நங்கையார் திருவாய் மலர்ந்தருளியபடி எழுதப்படும் ஓலை. கோட்டையின் மதில்களும், வீரர்களும், குதிரைகளும், தங்கள் திருமேனியும் நலமென்று கேட்க அரசியார் காத்திருக்கிறார். இங்கு அனைவரும் நலம், ஒருவனைத் தவிர.

அந்த ஒருவன் முத்திரை நாயகம் மருதூர்ப் பூதன். இவ்வோலையை எழுதுகின்ற கையும் அவனுடையதே. தன் மடமையைத் தானே, பிறன் கதையைச் சொல்வதுபோல, ஒன்றும் ஒளிக்காமல் எழுதக்கடவன் என்பது அரசியார் அவனுக்கு விதித்த தண்டம். ஆகவே இதனுள் பூதன் 'அவன்' என்றே வருவான். அவன் செய்த காரியத்துக்கு அந்த மரியாதையே அதிகம்.

தங்கள் ஓலை மூன்று வாரம் முன்பு வந்தது. உயிரோடிருக்கும் தமையனுக்கு அவன் அறையிலேயே ஆளளவு குழியெடுத்து, பெட்டி இறக்கி, பூவும் விளக்கும் வைத்துத் தங்கை வழிபடுகிறாள் என்று உப்பு வணிகர் சொல்லக் கேட்டதாகவும், யானையினின்று வீழ்ந்து கால்கள் விளங்காமற்போனவன் செத்தவனுக்கு ஒப்பு என்று அவள் கருதினாள் போலும் என்றும், இனிக் கோவரையைக் கண்ணாலும் காணப்போவதில்லை என்றும் தாங்கள் அதில் எழுதியிருந்தீர்கள். அரசியார் அதை இருமுறை வாசித்தார். அவர் அழுது எவரும் கண்டதில்லை, அன்று கண்டார்கள்.

நடந்தது இது. கால்கள் போன பின்பு தாங்கள் அரண்மனையில் இருந்தது பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள், தூக்க வந்தவனைத் தொடாதே என்று தடுத்து, குளியலறையின் கல்வரம்பைத் தாண்ட நால்வர் தம்மைக் குழந்தைபோல் தூக்குவதைவிட அழுக்கோடு இருப்பதே மேல் என்று சொல்லிக் கோட்டைக்குச் சென்றுவிட்டீர்கள். அரண்மனையில் எல்லோரும் அந்தச் சொல்லை மறந்துவிட்டார்கள் போலிருந்தது. அரசியார் மறக்கவில்லை. தண்ணீர் வெளியே ஓடாமலிருக்கத்தானே வரம்பு. வரம்பே இல்லாமல் தண்ணீரை நிறுத்த முடியாதா என்று கண்டவரையெல்லாம் கேட்டார். தச்சரைக் கேட்டார், குளம் வெட்டுவோரைக் கேட்டார், வைத்தியரைக்கூட விடவில்லை. முடியும் என்று சொன்னவள் கொத்தர் தலைவி கொற்றி ஒருத்திதான்.

நீரைத் தடுக்க மேட்டை எழுப்புவது ஒரு வழி, நீர் நிற்கும் இடத்தைத் தாழ்த்துவது இன்னொரு வழி என்பது அவள் விண்ணப்பம். நாலு முழ நீளமும் மூன்று முழ அகலமும் ஆறு விரற்கனமும் உள்ள ஒற்றைக் கல்லை நடுவில் சற்றே குழியச் செதுக்கி, அந்தக் குழிவில் ஒரு துளையிட்டு, தரையோடு தரையாகப் பதித்துவிட்டால், தாங்கள் அமர்ந்து கையால் தள்ளிச் செல்லும் உருளைப் பலகை வாயிலிலிருந்து நேரே கல்லின்மேல் போய் நிற்கும். மேலே பூவாளிபோல் துளைத்த செப்புக்குடம். கயிற்றை இழுத்தால் மழை. தூக்க ஆள் வேண்டாம்.

தங்கள் அறையை ஒட்டிய குளியலறையின் பழைய தரையைப் பெயர்த்தார்கள். சுண்ணாம்பும் செங்கற்சல்லியும் கடுக்காய்ச் சாறும் கலந்த புதுக் காரையை இட்டுத் திமிசுக் கட்டையால் இடிக்க ஆள் வந்தது. இறுகிய காரையை உளியால் தோண்டினால் விளிம்பு சிதறும். ஆகையால் கல் வரப்போகும் இடத்தில் முதலிலேயே ஒரு மரப்பெட்டியை வைத்தாள் கொற்றி. கல்லைவிட நாற்புறமும் ஒரு விரல் பெரிது. கல்லின் அடியில் சாந்து பரப்ப இரண்டு விரல் கூடுதல் ஆழம். காரை பற்றாதிருக்கப் பலகைக்கு எண்ணெய் பூசி, இடிக்கும்போது பக்கங்கள் உள்ளே ஒடுங்காதிருக்க ஈரமணலை நிறைத்து, துளைக்கு நேரே சுடுமண் குழாயை நிறுத்தி, மூடியும் போட்டாள். சுற்றிலும் காரை நிரம்பியது. ஐந்தாம் நாள் பெட்டியை எடுக்க வேண்டும், அதற்குமேல் விட்டால் பலகை ஊறிப் பருத்துக் காரையைக் கவ்விக்கொள்ளும் என்று பணியாட்களிடம் சொல்லிவிட்டு, கல்லைக் கொண்டுவர மலைக்குப் போனாள்.

இந்த இடத்தில்தான் நம் பூதன் வந்து சேர்ந்தான்.

நம் நாட்டில் அரண்மனைத் தரை இடும்போது நவமணியும் நவதானியமும் வைத்த பேழையைப் புதைப்பதும், அதற்கு முத்திரை நாயகம் அரக்கிட்டு முத்திரை பதிப்பதும் வழக்கமென்பது தாங்கள் அறிந்ததே. உள்ளே இருப்பது என்னவென்று முத்திரை நாயகம் கேட்கலாகாது என்பதும், பதித்த முத்திரையை அரச குலத்தாரன்றிப் பிறர் உடைத்தால் கை போகும் என்பதும் அதனோடு சேர்ந்த வழக்கம். இருபது ஆண்டுகளாகப் பூதன் எத்தனையோ பேழைகளுக்கு முத்திரையிட்டிருக்கிறான். ஒன்றின் உள்ளையும் கண்டதில்லை. கேட்கத் துடித்த நாக்கை இருபது ஆண்டுகள் பல்லுக்குள் அடக்கி வைத்திருந்தான், பாவம்.

மூன்றாம் நாள் அவ்வழியே வந்தவன் ஈரத்தரையில் நாலு முழப் பேழையைக் கண்டான். கண்கள் விரிந்தன. கையளவு பேழைகளையே கண்டவனுக்கு இது எவ்வளவு பெரிய நிதியோ என்று தோன்றியது. அங்கே நின்ற பணியாளை ஒரு சொல் கேட்டிருந்தால் ஓலைக்கும் வேலையில்லை, தண்டத்துக்கும் வேலையில்லை. வழக்கம் வாயைக் கட்டியது. எட்டு இடங்களில் அரக்கை உருக்கி ஊற்றி, எட்டு முத்திரை பதித்து, நிமிர்ந்து நடந்தான்.

அரசமுத்திரை விழுந்தபின் எவர் தொடுவார்? அந்தப்புரப் பெண்டிர் முதலில் ஒரு விளக்கு வைத்தார்கள். அடுத்து மாலை வந்தது, அதற்கடுத்துச் சாம்பிராணி வந்தது. உள்ளே பொன் என்றனர் சிலர், பகைவர் முரசு என்றனர் சிலர். பெட்டி ஆளளவு, அறை பெருவிறலாருடையது என்று எவனோ கூட்டிப் பார்த்துச் சமாதி என்றுவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஆற்றைத் தொழும் விழாவுக்காகக் கரையில் தங்கியிருந்த அரசியாருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

பதினைந்தாம் நாள் கல்லோடு திரும்பிய கொற்றி, மாலைபோட்ட தன் பெட்டியைக் கண்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். நல்லவேளை, முத்திரை நாயகம் கிணற்றடிப் பக்கம் போகவில்லை, போயிருந்தால் ஊரே தாகத்தால் செத்திருக்கும் என்று அவள் மொழிந்ததை, அரசியார் ஆணைப்படி ஒரு சொல்லும் குறைக்காமல் இங்கே பதிக்கிறான். நாள் போகப்போகப் பலகை ஊறிக்கொண்டே இருக்கிறதே என்று அவள் அலறினாள். உடைக்கக் கையில்லை. அரசியாருக்கு ஆள் ஓடியது. அந்த ஆளும் தங்கள் ஓலையும் ஒரே நாழிகையில் அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

பதினாறாம் நாள் காலை அரசியார் நேரே அவ்வறைக்கு வந்தார். அரண்மனை முழுதும் பின்னால் வந்தது. சமையற்காரர் கரண்டியோடு நின்றார்கள். தம் கையால் எட்டு முத்திரையையும் உடைத்து, எதிரே நின்ற பூதனை நோக்கி, திறந்து பார்க்குமாறு பணித்தார். வழக்கத்தைச் சொல்லித் தயங்கினான். அவ்வழக்கத்தை இந்தக் கணமே நீக்கியதாக அரசியார் அருளினார்.

மூடியைத் தூக்கினான். மணல். இரு கையாலும் அள்ளினான். அதன் கீழும் மணல். அம்மம்மா, இருபது ஆண்டு ஆவல்! மணிக்கட்டுவரை கைகளைப் புதைத்துத் தேடியவனுக்குக் கடைசியில் அகப்பட்டது ஒரு சுடுமண் குழாயின் வாய். உள்ளே என்னதான் இருக்கிறது என்று வாழ்நாளில் முதன்முறையாகக் கேட்டான். ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாததைத்தான் இத்தனை நாளாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று கொற்றி விடையளித்தாள். கூட்டம் சிரித்தது. பூதனுக்குச் சிரிப்பு வரவில்லை. வெறுங்குழியை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பலகைகளில் மூன்று எளிதாக வந்தன. நாலாவது ஊறிக் கவ்வியிருந்தது. பிளந்து எடுக்கையில் வாயிற்பக்க விளிம்பில் ஒரு சாண் உடைந்தது. கொற்றி அதைச் சாந்தால் கட்டி, இரண்டு விரல் சாந்துப் படுக்கை பரப்பிக் கல்லை இறக்கி, சுற்று இடைவெளியை எண்ணெய் பிசைந்த சுண்ணத்தால் அடைத்து, பன்னிரண்டு நாள் ஆறவிட்டாள். பிறகு வாயிலில் ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டினாள். அது கட்டிய விளிம்புவரை ஓடி அங்கே நின்றுவிட்டது.

அரை விரற்கனமும் இல்லாத மேடு. இது ஒரு பொருட்டா, பலகை தாண்டிவிடும் என்று சொல்லி வைத்தான் பூதன். அரசியார் அவன் கால்களைக் கட்டி உருளைப் பலகையில் இருத்தச் சொன்னார். பட்டாடையும் முத்திரை மோதிரமுமாக இரு கையாலும் தரையைத் தள்ளிக்கொண்டு போனான். மேட்டில் உருளை முட்டியது. தள்ளினான், உன்னினான், வியர்த்தான். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இரக்கப்பட்டுத் தூக்க வந்தபோது, தொடாதே என்று பூதன் கத்திவிட்டான். கத்திய பின்புதான் அந்தச் சொல் யாருடையது என்று அவனுக்கு உறைத்தது. தாங்கள் ஏன் போனீர்கள் என்பது அந்த அரை விரலில் அவனுக்கு விளங்கியது.

கொற்றி அன்றே அவ்விளிம்பை எடுத்து மீண்டும் கட்டினாள். மறுமுறை பழம் வாயிலிலிருந்து துளைவரை நிற்காமல் ஓடியது. அதன் பின்னாலேயே, கேளாமலே கால்களைக் கட்டிக்கொண்டு பூதனும் ஓடினான். கயிற்றை அவனே இழுத்தான், பட்டாடை நனைந்தது. ஒரு துளியும் வாயிலுக்கு வரவில்லை.

ஆதலின் அரசியாரின் ஆணை இது: பெருவிறலார் இவ்வோலை கண்ட நாளே கோட்டைப் பொறுப்பை இளைய தளபதியிடம் ஒப்படைத்துக் கோவரைக்குப் புறப்படுக, வழியிலுள்ள ஊர்த்தலைவர் அனைவரும் வண்டியும் எருதும் தருக, உப்பு வணிகர் இக்கதையைச் சரியாகச் சொல்லிக்கொண்டு திரும்புக. அவ்வறையின் வாயிலுக்குப் பூட்டோ முத்திரையோ இடலாகாது. இதனை எழுதினேன் மருதூர்ப் பூதன்; இஃது என் எழுத்து. கீழ்வருவது அரசியார் தம் கையால் பொறித்தது. அதன் கீழ் அவர் முத்திரை.

அண்ணா, அந்தக் குழியில் நான் புதைத்தது அந்த வரம்பைத்தான். சீக்கிரம் வா.