ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கும் முகவரி

இன்று காலை கணினியைத் திறந்ததும் உன் பெயர்தான் சிவப்பில் நின்றது. ‘இந்த முகவரி ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது’ என்று கீழே ஒரு வரி. நீ லீவு முடிந்து வந்துவிட்டாய் என்றே ஒரு கணம் நம்பினேன். மடச் சாம்பிராணி நான்.

நம் அலுவலகப் பெயர்ப்பட்டியலும் வெளியே இருக்கும் மின்னஞ்சல் பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால், அவற்றைப் பார்த்துக்கொள்ளும் நம் இருவரிடமும்தான் மாடி முழுதும் சண்டைக்கு வரும். நான் பதறி எல்லாவற்றையும் நிறுத்திப் போடுவேன். நீ பன்வில மலைக்காரி, அசையமாட்டாய்.

“மெசினைப் போட்டு ஏன் அடிக்கிற? என்னா எழுதியிருக்குன்னு மொதல்ல வாசி.”

“ஓம், பெரிய ஆள் சொல்லிப்போட்டா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாசிப்பேன்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நீண்ட லீவு என்று உன் கணக்கை மூடினார்கள். சும்மா இருந்தாயா? வெளிப் பட்டியலில் நேரே, அதே முகவரியில், இன்னொரு கணக்கைத் திறந்துகொண்டாய். “நான் வந்து அழிச்சிர்றேன், நீ கைய வைக்காத” என்று போனில் சிரித்தாய். பிறகு நீ வரவேயில்லை.

இப்போது உன் கதிரையில் ஒரு புதிய பிள்ளை. தோட்டங்களில் இருந்து இன்னும் உன் முகவரிக்குத்தான் எழுதுகிறார்கள். அதனால் அதை அவளுக்கே கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன், வெளிப் பட்டியல் ஏற்கவில்லை. மடல்கள் எல்லாம் உன்னிடமே போயின.

“அக்கா, தெல்தோட்டையில இருந்து ஏசுறாங்க. நான் எதையுமே பார்க்கிறதில்லையாம்” என்று அவள் கண்கலங்கினாள்.

காரணம் எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. இருந்தும் மத்தியானம் வரை தெரியாதவள் போல அங்கும் இங்கும் தேடிக்கொண்டிருந்தேன். உன் கையால் திறந்தது அது ஒன்றுதான் மிச்சம். எனக்கு உன்னைத் தேடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பிள்ளை பாவம். வந்திருந்த மடல்களை அவளுக்கு மாற்றிவிட்டு, உன் கணக்கை அழித்தேன். அடுத்த முறை இரண்டு பட்டியலையும் ஒத்துப்பார்த்தபோது பிழை ஒன்றும் காட்டவில்லை.

சரியாகப் போகிறதா என்று பார்க்கப் புதிய மடல் ஒன்றைத் திறந்து அந்த முகவரியின் முதல் எழுத்தைத் தட்டினேன். இரண்டு பட்டியலிலும் இல்லாத நீ, என் கணினியில் முதல் ஆளாக வந்து நின்றாய். நான் அதிகம் எழுதியது உனக்குத்தானே, அது மறக்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில், நீக்குவதற்கு ஒரு சின்னப் பெருக்கல் குறி இருந்தது. இது இப்படியே இருந்தால் யாருக்கும் மடல் தவறாது. யாரும் யாரையும் ஏசமாட்டார்கள்.

அதில் நான் கைவைக்கவில்லை.