மூன்றாம் வருடத்துக்குச் சம்மதம்

கிழக்குப்பட்டி,
கழுகுமலை வழி.
12.3.1984

என் அன்பான அத்தானுக்கு, கிருபா எழுதுவது. நானும் பிள்ளை ரோஸ்லினும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

கடிதம் சனிக்கிழமை வந்தது. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் குடும்ப டாக்டர் பயிற்சியை ஜூனில் இரண்டு வருடத்தோடு முடித்துக்கொள்ளலாம், விரும்பினால் மூன்றாம் வருடமும் இருந்து பிரசவ ஆபரேஷன் பழகலாம், நீ சம்மதித்தால் பேர் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல மனுஷர்! முடிச்சை அவிழ்க்க என் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

தேவஆசீர்வாதம் உபதேசியாரிடம் இதைச் சொன்னது என் தப்பு. கூட ஒரு வருடம் என்றால் நம் ஊரில் ஃபெயில் என்றுதான் அர்த்தம். ஞாயிறு ஆராதனையில் எழுந்து, "நம்ம டாக்டரய்யா மறுபடியும் அதே வகுப்புல உக்காருதாவ, எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சுக்கிடுங்க" என்று அறிவித்துவிட்டார். நாலு பேர் வந்து எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி போர்டில் உங்கள் பேர், உள்ளே நர்ஸ் நான் ஒருத்தி. தீப்பெட்டி ஆபீஸில் கை வெந்து வருகிறவர்களுக்கு மருந்து போட்டுவிடுவேன். போன வாரம் வேலுத்தாய் வந்தாள், பிள்ளை குறுக்கே கிடந்தது. வேன் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினேன். கயத்தாறு தாண்டும்முன்னே பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அன்றைக்கு நீங்கள் இருந்திருந்தாலும் வேன்தான் பிடித்திருப்பீர்கள். அதனால்தான் வந்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்து போன பிறகு எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. புரட்டாசியில் பேறுகாலம். ரோஸ்லின் ஆபரேஷனில் பிறந்தவள், இதுவும் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. ஜூனில் வந்தால் பக்கத்தில் இருப்பீர்கள், கத்தி எடுக்கத் தெரியாது. இருந்து படித்தால் தெரியும், பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். நான் அங்கே வரலாமென்றால் ஆஸ்பத்திரியை யாரிடம் விட்டுவிட்டு வர? முன்மழை விழுந்துவிட்டால் கரிசல் பாதையில் வேனும் வராது. எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான்.

ஆனாலும் பேர் கொடுங்கள். வேலுத்தாய் நேற்று காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தாள். அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கர்த்தர் உங்கள் கைகளை ஆசீர்வதிப்பாராக. புரட்டாசியில் ஒரு பதினைந்து நாள் லீவு தருவார்களா என்று மட்டும் கேட்டுப்பாருங்கள். லீவு எடுத்த நாளுக்கு ஈடாகக் கடைசியில் கூடுதலாக இருக்கவேண்டும் என்றால், இருந்துவிட்டே வாருங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உங்கள்,
கிருபா