தூங்குமூஞ்சியின் இடது முன்கால்

மார்ச் 3, திங்கள்

சவாரிப் பள்ளியில் இன்று மூன்று குதிரைகளுக்கு லாடம். இரண்டு சாது. மூன்றாவது என் முதுகில் சாய்ந்து, முழு எடையையும் போட்டுவிட்டுத் தூங்கப் பார்த்தது. இடுப்பு இன்னும் நிமிரவில்லை.

முடித்ததும் வழக்கம்போல ஒவ்வோர் ஆணியையும் மூன்று தடவை தட்டிப் பார்த்தேன். சவாரி டீச்சர் வழக்கம்போல எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. போதுமா மூணுதட்டு அண்ணே? கதவைத் தட்டியிருந்தாக்கூட இந்நேரம் திறந்திருப்பாங்க." அந்தப் பெயர் விழுந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மா அப்பா வைத்த பெயர் இப்போது மின்சார பில்லில் மட்டும் இருக்கிறது.

மதியம் ஒரு போன். சினிமா டைரக்டராம். "அண்ணே, அந்தக் குதிரையைப் பத்திப் படம் எடுக்கறோம். நீங்கதானே அதுக்கு லாடம் அடிச்சவர்?"

எந்தக் குதிரை என்று கேட்கவில்லை. ஓடிய பத்தொன்பது பந்தயத்தில் பதினெட்டு ஜெயித்தவள் ஒருத்திதான். பேப்பர்காரர்கள் அவளுக்குப் புயல், மின்னல் என்று வானிலை அறிக்கையில் வரும் பெயரெல்லாம் வைத்தார்கள். லாயத்தில் நாங்கள் கூப்பிட்டது தூங்குமூஞ்சி.

ஆலோசகராக வரவேண்டுமாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 5, புதன்

டைரக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். முப்பது வயசு இருக்கும். நாற்காலியில் உட்காரவே தெரியவில்லை, டீயைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடி கதை சொன்னார். என் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கேட்டாள். குதிரைப் படம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

கையோடு அந்தப் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார். தூங்குமூஞ்சியின் வாழ்க்கை வரலாறு, முந்நூறு பக்கம். எனக்கு அதில் ஒரு பக்கம் மட்டும் மனப்பாடம். பக்கம் 212. "கடைசி வளைவில் அவளுடைய இடது முன்காலின் லாடம் கழன்றது. லாடக்காரரின் ஒரு கண நேரக் கவனக்குறைவு ஒரு சரித்திரத்தை முடித்துவைத்தது."

முந்நூறு பக்கத்தில் நான் அந்த ஒரு வரி. பெயர் போடாமல் விட்டார்களே, அதுவே பெரிய மனசு.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. லாடம் கழண்டாத்தான் கிளைமாக்ஸ்" என்றார் டைரக்டர். நான் சிரித்து வைத்தேன். மனைவி சிரிக்கவில்லை. "புத்தகம் எழுதினவர் அந்தக் கடைசிப் பந்தயத்தைப் பார்த்தாராமா?" என்று கேட்டாள்.

தூங்குமூஞ்சியின் பயிற்சியாளர் சொன்னதை வைத்து எழுதியதாம். பயிற்சியாளருக்கும் அன்றைக்குப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்ல ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவரைக் குற்றம் சொல்லமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

டைரக்டர் அனுப்பிய பழைய குதிரைப் படங்களில் மூன்றை நானும் மனைவியும் ஒரே மூச்சில் பார்த்தோம். வயிறு வலிக்கச் சிரித்தேன். இவள் மூன்றுக்கும் அழுதாள்.

முதல் படத்தில் குதிரைக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இடைவேளைக்குப் பிறகு சுட்டி வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. எல்லாப் படத்திலும் குட்டி பிறந்தால் மழை பெய்கிறது. எவனாவது லாயக் கதவைத் திறந்தால் கனைக்கிறது, மூடினால் கனைக்கிறது, முதலாளி செத்தால் கேட்கவே வேண்டாம். தூங்குமூஞ்சி வருஷத்துக்கு நாலு தடவை கனைத்திருப்பாள். அதுவும் வாளி வரத் தாமதமானால்.

புத்தகத்திலும் இதே கதைதான். பக்கம் 40-இல் "அவள் கண்களில் வெற்றியின் தாகம் எரிந்தது" என்று இருக்கிறது. எனக்குத் தெரிந்து அவளுக்கு இருந்தது தண்ணீர்த் தாகம் ஒன்றுதான். அதற்கும் யாராவது வாளியைத் தூக்கிப் பிடிக்கவேண்டும், மகாராணி குனியமாட்டாள்.

"அதுக்கு ஜெயிக்கணும்னு ஆசையே இல்லையா?" என்று இவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

யோசித்தேன். ஆசை இருந்தது. பக்கத்துக் கொட்டடியில் ஒரு கிழட்டுக் குதிரை இருந்தது. எதைக் கொடுத்தாலும் முகத்தைச் சுளிக்கும், எல்லாரையும் முறைக்கும். அதற்குச் சித்தப்பா என்று பெயர். சித்தப்பா இல்லாமல் தூங்குமூஞ்சி வண்டியில் ஏறமாட்டாள், தண்ணி குடிக்கமாட்டாள். சித்தப்பாவோ அவள் இடது தோளை ஒட்டி, ஓர் அடி பின்தங்கி நடந்து, அவள் முன்காலின் குதியை மிதிக்கும். பந்தயத்தில் அவள் அவ்வளவு வேகமாக ஓடியதே சீக்கிரம் முடித்துவிட்டு அதனிடம் திரும்பிப் போகத்தான் என்று லாயத்தில் எல்லாருக்கும் தெரியும். புத்தகத்தில் சித்தப்பாவுக்கு அரை வரி. "மற்றொரு குதிரை வென்றது."

ஆமாம். அந்தக் கடைசிப் பந்தயத்தில் மட்டும் அதுவும் ஓடியது. ஜெயித்ததும் சித்தப்பாதான். ஒரு மூக்கு வித்தியாசத்தில்.

மார்ச் 10, திங்கள்

இன்று ஒரே குதிரை. நாலு தடவை தட்டினேன்.

மார்ச் 15, சனி

இதை எங்கேயாவது எழுதித்தான் தீரவேண்டும்.

அந்தக் காலையில் எனக்கு அவசரம். இடது முன்காலில் மூன்றாவது ஆணி கோணலாக இறங்கியது. பிடுங்கினேன். வேறு துளையில் அடித்திருக்கலாம், அதே துளையில் அடித்தேன். கெட்டியாகத்தான் பிடித்தது என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா? பந்தயத்தை நான் பார்க்கவில்லை, பின்பக்கம் வேறொரு குதிரையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வந்தபோது இடது முன்காலில் லாடம் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துப் பந்தய மைதானத்தில் புல் வெட்டுபவர் அந்த லாடத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கே கிடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. அவரும் இப்போது இல்லை.

இருபத்திரண்டு வருஷமாக அது இவளுடைய தையல் மெஷின் டிராயரில், பழைய பொத்தான்களுக்கு அடியில் கிடக்கிறது. துரு பிடிக்கவில்லை. நல்ல இரும்பு.

புத்தகம் பொய் சொல்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையாக இருந்தால்?

மார்ச் 21, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை நினைத்தால் அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. சிரித்துவிட்டேன்.

படப்பிடிப்பு. லாடக்காரராக நடிக்கும் பையனுக்குச் சுத்தியலைப் பிடிக்கவே வரவில்லை. டைரக்டர் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார். "அண்ணே, குளோசப்புக்குக் கை மட்டும் நீங்க குடுங்க. ஒரு ஆணியைக் கோணலா அடிக்கணும், அவ்வளவுதான்."

என் தப்பை நானே நடிக்கவேண்டுமாம். சரி, வந்தது வந்துவிட்டோம் என்று குனிந்து உட்கார்ந்தேன். கேமரா என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில். அடித்தேன்.

"கட். அண்ணே, நேரா போகுது."

மறுபடி அடித்தேன். மறுபடி நேராகப் போனது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பினேன், கை கேட்கவில்லை, அதுவாக நிமிர்ந்துகொண்டது. குதிரை திரும்பி என்னைப் பார்த்தது. அதுவும் சினிமாக் குதிரை, நிறைய நடிகர்களைப் பார்த்திருக்கும். ஏழாவது டேக்கில் டைரக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "தப்பா அடிக்கத் தெரியலையா உங்களுக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசியில் மரக்கட்டையில் கோணலாக ஓர் ஆணியை வேறு யாரோ அடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் சொன்னேன். இவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அந்தக் கைதானே அன்னிக்கும் அடிச்சது?" என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

ஒலிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். குளம்புச் சத்தம் சரிபார்க்க. அங்கே சத்தம் சேர்க்கும் அம்மா ஒருவர், நாற்பது வயது இருக்கும், மண் தட்டில் கையாலேயே குதிரை ஓட்டுகிறார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். "அம்மா, நாலு கால் பாய்ச்சல்ல ஓடுற குதிரைக்கு நீங்க ரெண்டு தாளம் போடறீங்க. இது கல்யாண ஊர்வலத்துக்குப் போற குதிரை" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு கேட்டார். "ஆட்டம் கண்ட லாடம் எப்படிச் சத்தம் போடும் சார்?"

சொன்னேன். ஓர் அடிக்குப் பதில் ஒன்றரை அடி கேட்கும். குளம்பு விழுந்ததும் இரும்பு தனியாகச் 'சளக்' என்று ஒட்டும்.

"அப்போ இதுல ஏன் அது இல்ல?" என்றார்.

கூட்டத்தின் சத்தத்துக்காக வானொலியில் இருந்து அந்தக் கடைசிப் பந்தயத்தின் பழைய ஒலிப்பதிவு நாடாவை வாங்கி வைத்திருந்தாராம். கடைசி வளைவைத் தாண்டி, முடிவுக்கோட்டுக்கு முன்னால் ஓரக் கம்பியில் ஒரு மைக் கட்டியிருந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் தண்ணீர் வண்டி குறுக்கே போகிற பாதை உண்டு. மேலே மண் கொஞ்சம்தான், அடியில் கெட்டித் தரை. அதைத் தாண்டும்போது லாடம் கணீரென்று கேட்கும்.

வர்ணனையாளரின் குரலைக் குறைத்தார். முதலில் கூட்டம். பிறகு, கூட்டத்துக்கு அடியில், தனியாக ஒரு குதிரை. அவள்தான், மற்றவை வெகு தூரம் பின்னால். பாதையைத் தாண்டினாள். நாலு அடி, நாலும் இரும்பு. சளக் இல்லை. ஒன்றும் இல்லை.

மறுபடி போடச் சொன்னேன். மறுபடி. அந்த அம்மா பத்து தடவை போட்டார், முகம் சுளிக்காமல்.

"இன்னும் கேளுங்க" என்றார். பாதை தாண்டியதும் அடிகளின் இடைவெளி நீள்கிறது. நொண்டவில்லை, தாளம் தப்பவில்லை. சும்மா மெதுவாகிறாள். பின்னாலிருந்து கனமாக, சலித்துக்கொண்டே ஓடுகிற மாதிரி ஒரு பாய்ச்சல் நெருங்குகிறது. அந்த நடையை எனக்குத் தெரியாதா? சித்தப்பா. பக்கத்தில் வருகிறது. அப்புறம் இரண்டும் சேர்ந்து.

தூங்குமூஞ்சி காத்திருந்திருக்கிறாள். அடிப் பாவி. ஊரே எழுந்து நின்று கத்துகிறது, மகாராணி சித்தப்பா வரட்டும் என்று நின்று நிதானித்திருக்கிறாள்.

வாய்விட்டுச் சிரித்தேன். அந்த அம்மாவும் சிரித்தார். அவர் நாடாவை நிறுத்தவில்லை. ஓட்டம் முடிந்து குதிரைகள் நடந்து திரும்புகின்றன, அதே பாதை. முன்னால் போகிறவளின் நடை மெதுவாக, ஒவ்வோர் அடியாக. டங், டங், டங், தொப். டங், டங், டங், தொப்.

போகும்போது நாலு இரும்பு. வரும்போது மூன்று. கழன்றது முடிவுக்கோட்டுக்கு அப்பால். தோளை ஒட்டி வந்த சித்தப்பா வழக்கம்போல முன்காலின் குதியை மிதித்து லாடத்தைப் பிடுங்கியிருக்கிறது.

அப்போது அழுதேன். அந்த அம்மா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

வீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்து லாடத்தை எடுத்தேன். இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மூன்றாவது ஆணியையும் சேர்த்து. "தெரியும்" என்றாள். "தூக்கத்துல எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. அந்த லாடம் தானா துருப்பிடிக்காம இருக்குன்னா நினைச்சீங்க? மெஷினுக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் அதுக்கும் விட்டுட்டு இருக்கேன்."

ஏப்ரல் 3, வியாழன்

டைரக்டர் ஒலிக்கூடத்துக்கு வந்து நாடாவைப் போட்டுக் கேட்டாராம். உடனே கிளம்பிப் போய்விட்டாராம். போகட்டும். படம் அவருடையது. எனக்குக் கேட்டது போதும்.

போதுமா?

ஏப்ரல் 6, ஞாயிறு

போதாது என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணே" என்றார் டைரக்டர். நடந்துகொண்டே பேசுவது மூச்சில் தெரிந்தது. "அந்தச் சித்தப்பா குதிரை என்ன நிறம்?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். இவள் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாம்பல், தம்பி. வயித்துக்கிட்ட மட்டும் பழுப்பு. அழுக்கு மாதிரி இருக்கும், கழுவினாலும் போகாது" என்றேன்.

"உசரம்?"

"அவளைவிட ஒரு பிடி கம்மி. ஆனா அது அப்படி நினைச்சுக்கல."

செப்டம்பர் 12, வெள்ளி

படம் வந்துவிட்டது. முதல் காட்சிக்கு இவள் கைப்பையில் மூன்று கைக்குட்டை.

குட்டி பிறந்தபோது மழை பெய்தது. பன்னிரண்டு தடவை கனைப்பு வந்தது, எண்ணினேன். நெற்றிச் சுட்டி நகரவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம். ஆணி கோணலாக இறங்கும் காட்சி இல்லவே இல்லை.

கடைசிப் பந்தயம். இசையை நிறுத்திவிட்டார்கள். நாலு இரும்பு, கணீரென்று. அவள் லேசாகக் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறாள். சாம்பல் நிறத்தில் ஒரு தொந்திக் குதிரை உலகத்தின் மேலேயே கோபத்தோடு ஓடிவருகிறது. கொட்டகை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு சின்னப் பெண், "சித்தப்பா, சீக்கிரம் வா" என்று கத்தினாள். இரண்டும் தோளோடு தோள் கோட்டைத் தாண்டியபோது எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், தோற்ற குதிரைக்கு.

மூன்று கைக்குட்டையும் எனக்கே தேவைப்பட்டது. குதிரைப் படத்துக்கு இவள் அழாமல் உட்கார்ந்திருந்ததை இன்றுதான் பார்த்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

சவாரிப் பள்ளியில் இரண்டு குதிரை. ஒன்று கொஞ்சம் முரடு. முடித்துவிட்டுச் சுத்தியலைப் பெட்டியில் போட்டு, கை கழுவக் குழாயடிக்கு வந்தேன். பின்னாலேயே சவாரி டீச்சர் வந்தார்.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன். ஏன்?"

"எண்ணிட்டே இருந்தேன். ஒரு தட்டோட விட்டுட்டீங்க."