பூட்ஸைக் கழற்றிய மழைநாள்

அன்புள்ள சயா,

உங்கள் பெட்டி நேற்றுக் கப்பலில் வந்து சேர்ந்தது. மேலே உங்கள் மனைவியின் கடிதம். நீங்கள் இறந்துபோய்விட்டீர்கள் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். அடியில் உங்கள் பழைய பந்து, உரிக்காத தேங்காய் மாதிரி நீண்டது. ரங்கூன் லான்மடாவ் பகுதியில் என் வீட்டில் இன்னும் அந்தத் தோல் வாடை.

அமெரிக்காவில், அந்த ஊர்க் கால்பந்து ஆட்டத்தில் அதை அணைத்துக்கொண்டு ஓடிப் பேர் வாங்கியவர் நீங்கள். பிறகு அங்கே இரண்டு கல்லூரிகளில் பயிற்சியாளர். ரங்கூனில் எங்கள் கல்லூரிக்குக் கால்பந்து பழக்க வந்த அன்று, "கையால தொடவே கூடாதா?" என்று கேட்டு மைதானத்தையே சிரிக்கவைத்தீர்கள். உங்கள் ஆங்கிலம் எனக்குத் தமிழாகவே நினைவிருக்கிறது. துரை என்றால் முகம் சுளிப்பீர்கள். பர்மியர் வாத்தியாரை அழைப்பதுபோல் சயா என்றோம்.

பதினொரு பேருக்கும் ஆசையாகப் பூட்ஸ் வாங்கித் தந்தீர்கள். நாங்களோ வெறுங்காலில் பந்து உதைத்தே வளர்ந்தவர்கள். கால் கடித்தது. கேட்டபோதெல்லாம், "நல்லா இருக்கு சயா" என்று தலையாட்டினோம். அணித்தலைவன் நான்தான் பலமாக ஆட்டினேன். அணியில் இருந்ததால்தான் சம்பளம் கட்டாமல் படித்தேன். அந்த இடம் போனால் அப்பாவோடு துறைமுகத்தில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

கோப்பை ஆட்டத்தன்று அடைமழை. சறுக்கிச் சறுக்கி விழுந்து, இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கினோம். கோல்காப்பாளன் கோ மியா என் காதைக் கடித்தான்: "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

உங்கள் எதிரே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன்.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னு, சயா."

"எங்க ஊர்ல ஒருத்தன் பயிற்சியாளர்கிட்ட, 'நீங்க செய்றது தப்பு'ன்னு சொன்னான். அன்னைக்கே அவனை வெளியே அனுப்பிட்டாரு. அந்தப் பையன் நான்தான்" என்றீர்கள். பிறகு சேற்றில் மண்டியிட்டு மற்றவர்களின் பூட்ஸ் கயிற்றை நீங்களே அவிழ்த்தீர்கள். ஒரு வெள்ளைக்காரர் எங்கள் காலைத் தொட்டதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

இரண்டு கோல் திருப்பினோம். கோப்பை போனது, என் படிப்பு போகவில்லை. நன்றி சயா. நேரில் சொல்லாமலே இருந்துவிட்டேனே என்று நேற்றிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது.

இப்போது துறைமுகத் தொழிலாளர் அணிக்கு நான் பயிற்சியாளர். இன்று மாலை, எல்லார் முன்னாலும் ஒருவன், "அண்ணே, நீங்க சொல்ற ஆட்டம் சரிவராது" என்றான். கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டு, "அப்ப எப்படி ஆடலாம்? நீயே சொல்லு" என்றேன்.

அவன் நம்பாமல் என் முகத்தையே பார்த்தான். அன்று சேற்றில் உட்கார்ந்து நானும் உங்களை அப்படித்தான் பார்த்தேன்.