இரவல் குரல்

அன்புத் தம்பி சின்னவனுக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை, மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய பழைய மடிக் கம்ப்யூட்டரில்தான் இதை அடிக்கிறேன். காலையில் தொடங்கினேன், இப்போது வெயில் சாய்கிறது. ஒற்றை விரலால் கோழி கொத்துகிற மாதிரி கொத்திக்கொண்டிருக்கிறேன். காய்கறி மண்டியில் மூச்சு விடாமல் ஏலம் கூவியவனுக்கு இந்த வேகம் ஒரு தண்டனைதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், சண்டைக்கு வராதே. பதில் சண்டை போட என்னால் ஆகாது.

கழுத்தில் போட்ட துளை ஆறிவருகிறது. இனி மூச்சு அதன் வழியாகத்தான். நான் குளிக்கப் போனால் அதற்குள் தண்ணீர் போய்விடக் கூடாது என்று உன் அண்ணி துணியைக் கட்டிவிட்டுக் கதவுக்கு வெளியே காவல் நிற்கிறாள். எதையும் அரைத்துக் கூழாக்கித்தான் தருகிறாள். தட்டில் இருப்பது என்ன காய் என்று கண்டுபிடிப்பதே எனக்குப் பொழுதுபோக்கு. அக்கா வாரத்துக்கு இரண்டு முறை வந்து என்னைப் பார்த்து அழுதுவிட்டு, அழவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

முக்குக் கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண்தான் வந்து இதை எனக்காகத் தயார் செய்து கொடுத்தாள். கெட்டிக்காரி. ஆனால் வாய் பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். இது உங்கள் தம்பியுடையதா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். காது நன்றாகக் கேட்கும் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். சிரித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியையும் கத்தித்தான் கேட்டாள்.

பெட்டியைத் திறந்ததும் திரையில் உன் பெயர் வந்து நின்றது. அதை அழித்து என் பெயரைப் போட்டாள். நீ அழிக்காமல் விட்டிருந்த குழந்தைப் படங்களைத் தனியாக எடுத்துக் கொடுத்தாள், பத்திரமாக வைத்திருக்கிறேன். பேட்டரி செத்துவிட்டதாம், வயரைச் செருகியே வைத்திருக்க வேண்டுமாம். அதனால் கட்டிப்போட்ட மாடு மாதிரி அது சுவரோரம் கிடக்கிறது, பக்கத்தில் நான். தேய்ந்துபோன விசைகளின் மேல் தமிழ் எழுத்துகளை ஒட்டினாள். மூடியில் உன் குழந்தை ஒட்டிய யானைப் படத்தைச் சுரண்டப் போனாள், நான் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன்.

பிறகுதான் பேசுகிற வேலை. நாம் அடிப்பதை அது வாய்விட்டுப் படிக்கிறது. தமிழில் ஆண் குரல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என்ன அடிப்பது என்று தெரியாமல், வாய்ப் பழக்கம் கைக்கு வந்து, ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்று அடித்தேன். ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் கூப்பிடுகிற மாதிரி அது நிதானமாகச் சொன்னது. அந்தக் குரலுக்கு ஒரு கூடை கத்தரிக்காய் விலைபோகாது தம்பி.

நான் சிரித்துக்கொண்டே, என் குரல் திரும்பி வருகிற வரைக்கும் இதை வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலேட்டில் எழுதினேன். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு என் கழுத்தைப் பார்த்தாள். கத்தாமல், மெதுவாகச் சொன்னாள்: “இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் வராதே ஐயா. போன மாசம் இன்னொருத்தருக்கு இதே மாதிரி செஞ்சு கொடுத்தேன். அவரு முன்னாடியே பேசிப் பதிஞ்சு வச்சிருந்தாரு, அதனால மெஷினு அவரு குரல்லயே பேசுது. நீங்க பதியலியா?”

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

அவள் போன பிறகு உன் அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். சின்னக் கட்டி, எடுத்தால் கொஞ்ச நாள் பேச்சு இருக்காது, பிறகு பழையபடி கூவலாம் என்று எனக்குச் சொன்னதெல்லாம் அக்காவும் அவளும் சேர்ந்து கட்டிய கதை. டாக்டர் என்னிடம் பேச வந்தபோது, அவனுக்கு எல்லாம் தெரியும், அவன் முன்னால் அதை எடுக்க வேண்டாம் என்று அக்காதான் வழிமறித்தாளாம். ஆபரேஷனுக்கு முன்பே நீ கம்ப்யூட்டரை அனுப்பி, அண்ணன் குரலைப் பதிந்துவிடுங்கள் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறாய். எதற்கு என்று நான் கேட்டால் என்ன சொல்வது என்று அவள் அதைப் பீரோவின் மேல் போர்வைக்குள் மறைத்துவிட்டாள். ஆக, நீயும் அந்தக் கூட்டணியில் இருந்தவன்தான். ஊருக்கே விலை சொன்னவனுக்கு அவன் சொத்து போகிற சேதியை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் உன் கம்ப்யூட்டர் தாங்காது. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. சிரிக்காதே. சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அவளும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

படுத்துக்கொண்டு யோசித்தேன், கடைசியாக என் வாயால் என்ன பேசினேன் என்று. ஆஸ்பத்திரியில் தலையணை கல்லாக இருக்கிறது என்று ஒரு நர்ஸம்மாவோடு சண்டை போட்டேன். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது உன் அண்ணியிடம், வீட்டுக் கதவைப் பூட்டினாயா என்று கேட்டேன். அவ்வளவுதான். அதோடு முடிந்தது. அதற்கு முதல் நாள் நீ போன் பண்ணி, சும்மா ஏதாவது பேசு அண்ணா என்று கெஞ்சினாயே. வேலையைப் பாருடா என்று வைத்துவிட்டேன். இப்போதுதான் எனக்குப் புரிகிறது, பாவி, நீ எதற்குக் கெஞ்சினாய் என்று. மனசு ஆறவில்லை.

மூன்றாம் நாள் உன் அண்ணி கட்டிலருகே வந்து தரையில் உட்கார்ந்தாள். “நீங்க பயந்துருவீங்கன்னு மறைக்கல. நீங்க மைக் முன்னாடி உக்காந்து பேசறத நான் எப்படிப் பாத்துட்டு நிப்பேன்? எனக்குத்தான் பயம்” என்றாள்.

அப்போது எனக்கு அந்த வாரம் நினைவுக்கு வந்தது. ஆபரேஷனுக்கு முந்திய வாரம் அவள் ஒரு மாதிரியாக இருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டு, முதன்முதலாக ஏலம் கூவப் போனபோது என்ன ஆயிற்று என்று கேட்பாள். அவளுக்கு மனப்பாடமான கதை. சொன்னேன். மறுநாள் மறுபடியும் கேட்டாள். உனக்கு வேறு வேலை இல்லையா என்று எரிந்து விழுந்தேன். எரிந்து விழுந்ததையும் கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தனையும் தெரிந்துகொண்டு, தனியாக அப்படி உட்கார்ந்திருந்தாளே, அவளிடமா நான் கோபித்துக்கொண்டு படுத்திருந்தேன்?

சமாதானம் செய்ய வேண்டும் என்று இன்று காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்று அடிக்க வெட்கமாக இருந்தது. அவள் பெயரை அடித்தேன். உனக்கே தெரியும், நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இந்தா, ஏய், யார் அங்கே, இப்படியே காலம் ஓடிவிட்டது. பொத்தானை அழுத்தினேன். பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு ஓடிவந்து, யார் வந்திருக்கிறார்கள் என்று வாசலைப் பார்த்தாள். நான் திரையைக் காட்டினேன். இன்னொரு முறை அழுத்தினேன்.

அவளுக்கு முகம் மாறிவிட்டது. “வேண்டாங்க. யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு. நீங்க கையத் தட்டுங்க, வந்துர்றேன்” என்றாள். சொல்லிவிட்டுத் துவைக்கிற கல்லுக்கே திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

தம்பி, கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர். கடைக்குப் போனால், ஆஸ்பத்திரிக்குப் போனால் உதவும். மண்டியில் கணக்கெழுதக் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கேயும் உதவும். வீட்டுக்குள் நான் கையைத் தட்டிக்கொள்கிறேன். சொன்னபடி பதியாமல் விட்டதற்கு நீ கோபமாக இருப்பாய் என்று உன் அண்ணி உன் போனை எடுக்கவே பயப்படுகிறாள். அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்காதே. அக்காவிடமும் வேண்டாம்.

உன் வீட்டுக்காரி இப்போது பக்கத்து அறையில்தான் இருப்பாள். கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, அவளைப் பெயர் சொல்லி ஒரு முறை கூப்பிடு. எதற்கு என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்.

நீங்கள் எல்லோரும் நீடூழி வாழ வேண்டும்.

உன் அண்ணன்